நாற்பது கணினியும் ஒரு சஹனும்

திகன சந்தியில் பஹீமின் கணினிக் கடைக்கு மஞ்சள் பலகை. எதிரே அவனுடைய தங்கை புருஷன் ரிஸ்மியின் கடைக்கு ஊதாப் பலகை. கடல் கடந்து மஞ்சள், ஊதா என இரண்டு சிப் கம்பனிகள் முட்டி மோதிக்கொள்ள, இங்கே இரண்டு மச்சான்மார் இரண்டு வருஷமாக முகம் பார்ப்பதில்லை. அந்தக் கம்பனிக்காரர்களுக்குத் திகன எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. பஹீமுக்கோ மஞ்சள் என்றால் உயிர். யாராவது பழைய கணினியைக் கொண்டுவந்தால், "இது மையத்து, அடக்கிட்டு புதுச எடுங்க" என்பான். அந்தப் பிணங்களைப் பிலிமத்தலாவைப் பழைய சாமான் கடைக் கறுப்பையாவிடம் தள்ளிவிடுவான். ரிஸ்மியும் அதையேதான் செய்தான்.

இந்த வருஷம் சிப்புக்குப் பஞ்சம். செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் உலகத்துச் சிப்பையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டார்களாம். அந்த நேரம் பார்த்து, கண்டியில் கணினி வகுப்புக்கு டியூட்டரி திறக்கவிருந்த விவேகானந்தன் மாஸ்டர் இரண்டு கடையிலும் ஏறி இறங்கினார்.

"திங்கட்கிழமை திறப்பு. நாப்பது கொம்பியூட்டர். ஆர் முதல் தாறியளோ, அவையிட்டத்தான் எடுப்பன்."

பஹீமுக்கு நித்திரை போயிற்று. இந்த மாதம் நாற்பது விற்காவிட்டால் பலகையைக் கழற்றிவிடுவதாக மஞ்சள் கம்பனி கடிதம் போட்டிருந்தது. சிப் இறக்குபவர் கட்டுகஸ்தோட்டை ஹபீல் ஹாஜியார் ஒருவர்தான். மஞ்சளும் அவர்தான், ஊதாவும் அவர்தான். ஞாயிறு பகல் அவருடைய மகனின் வலீமா, கல்யாண விருந்து.

அங்கே ஆறு ஆறு பேராக ஒரே பெரிய தட்டில், சஹனில், சாப்பிடுவார்கள். விருந்து வைக்கும் வீட்டுக்காரர் கடைசிச் சஹனில்தான் உட்காருவார். அதனால் யார் கூப்பிட்டாலும் பஹீம், "பொறகு, பொறகு" என்று நழுவினான். பசி வயிற்றைப் பிறாண்டியது. எதிர்ப்பக்கத் தூணருகே ரிஸ்மியும் நழுவிக்கொண்டிருந்தான். கடைசிச் சஹன் வந்தபோது ஹாஜியாருக்கு வலப்பக்கம் ஒரு மச்சான், இடப்பக்கம் மற்ற மச்சான்.

ஒருவன் இருக்க மற்றவன் சிப்பை எப்படிக் கேட்பது? எழும்புகிறவன் தோற்றான். மற்ற மூன்று பேரும் கை கழுவப் போய்விட்டார்கள். இவர்கள் விடவில்லை. சோறு முடிந்தது, கோழி முடிந்தது, இனிப்புக்கு வட்டிலாப்பம் இரண்டாம் முறை வந்தது. பஹீமுக்குக் கண் பிதுங்கியது. வெட்கக்கேடு, ஆனாலும் விழுங்கினான்.

ஹாஜியாருக்கே பொறுக்கவில்லை. "என்ன, சிப்பா? ரெண்டு கம்பனிக்கும் ஒரே ஃபெக்டரிலதான் செய்யிற. அங்க இப்ப எங்கட போன் கோலயே எடுக்கிறல்ல. நான் சிப்ப விட்டுட்டேன். ஏர் ஃப்ரையர் இறக்கிறேன். வேணுமா?"

அப்போது பஹீமின் போன் அடித்தது. விவேகானந்தன் மாஸ்டர்.

"தம்பி, இனித் தேடாதையும். கறுப்பையா நாப்பதும் தந்திட்டார். பழசுதான், ஆனா சோக்கா ஓடுது. பாதியில உம்மட கடை ஸ்டிக்கர் கிடக்கு, அதுதான் எடுத்தனான். ரெண்டு மூண்டு சத்தம் போடுது, வந்து பாக்கிறீரோ?"

பஹீமுக்கு அழுகை வந்தது. தன் வாயாலேயே அடக்கம் செய்துவிட்ட கணினிகள்! போனை வைத்த கையோடு ரிஸ்மியின் போனும் அடித்தது, அதே மாஸ்டர்தான். மீதிப் பாதி அவனுடைய ஸ்டிக்கர். கேட்கக் கேட்க அவன் முகமும் செத்துப்போயிற்று.

இருவரும் ஒரே குழாயடியில் கை கழுவினார்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ரிஸ்மி வாய் திறந்தான்.

"மச்சான், ஏர் ஃப்ரையர்ல நீங்க எந்தக் கம்பனி எடுக்கப் போற?"

பஹீம் சட்டென்று குழாயை மூடினான்.

"மொதல்ல நீங்க சொல்லுங்க."