தம்பிக்குத் தம்பி

மொன்றியல் புறநகர் புவாண்ட்-கிளேரில், கோழி இறைச்சிப் பெட்டிகள் வந்து இறங்கும் குளிர்க் களஞ்சியத்தில், லொறியின் பின்கதவு திறந்ததும் தங்கராசா முதல் ஆளாகத் தோளைக் கொடுத்தார். அவருடைய தம்பி நகுலேஸ்வரன் உள்ளே ஸ்டூலில் இருந்தபடி, வருகிற பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தார். அங்கே இருந்தது ஒரேயொரு ஸ்டூல். வயதில் மூத்த தொழிலாளிக்கே அது என்பது மேற்பார்வையாளர் செலீன் வைத்த சட்டம். நியாயமான சட்டந்தான். தம்பிக்கு வயது அறுபத்தைந்து. அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு.

இதில் வியக்க ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தபோது தங்கராசா தம்பிக்கு மூன்று வயது மூத்தவராகத்தான் பிறந்தார். எண்பத்தொன்பதில் விமானமேறி மொன்றியலில் இறங்குவதற்குள் பத்து வயது குறைந்துவிட்டது. "வயசுபோன ஆளுக்கு ஆர் அண்ணை வேலை தருவான்? பத்தை வெட்டிச் சொல்லுங்கோ" என்றான் ஏஜென்சிக்காரன். அந்தக் காலத்தில் எல்லோரும் வெட்டினார்கள். வெட்டாதவனைத்தான் விசரன் என்றார்கள். தலைமயிருக்கு மை பூசிக்கொண்டார், வேலையும் கிடைத்தது. முழங்காலுக்குப் பூசத்தான் மை இல்லை.

பிந்தி வந்த நகுலேஸ்வரன், விசரன், பிறந்த தேதியை உள்ளபடியே கொடுத்தார். அன்றோடு அண்ணன் தம்பிக்குத் தம்பியானார்.

ஊரில் தபால் கந்தோரில் தங்கராசாவோடு கடிதம் பிரித்தவர்கள் ஐம்பத்தைந்தில் வீட்டுக்குப் போய்ப் பென்சன் எடுத்தார்கள். செலீன் அறுபதில் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கனடாவின் முதியோர் பென்சன் அறுபத்தைந்தில். எழுபத்தைந்தை ஓய்வு வயதாக வைத்திருந்த ஒரே நாடு தங்கராசாதான்.

நகுலேஸ்வரன் ஓய்வுபெற்ற நாளில் எல்லோருக்கும் கேக் வெட்டினார்கள். தம்பி அண்ணனை ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார்.

"அண்ணை, உண்மையைச் சொல்லி மாத்துவம். நான் வந்து சாட்சி சொல்லுறன்."

"என்னெண்டு சொல்லுவாய்?"

"இவர் என்ரை மூத்த அண்ணை எண்டு."

"உன்ரை கடதாசியைப் பாத்திட்டு, ஏழு வயசு மூத்த தம்பியோ எண்டு சிரிப்பாங்கள். பேந்து, வயசிலை பொய் சொன்னவன் வேறை எதிலை சொன்னவன் எண்டு தோண்டுவாங்கள். செல்வமலரை ஸ்பொன்சர் பண்ணி இஞ்சை எடுத்ததும் அந்தப் பொய் வயசிலைதான்ரா. அவளை வைச்சுக்கொண்டு என்னாலை விளையாடேலாது. பேசாமல் கேக்கைத் தின்."

செல்வமலர் அவருடைய மனைவி. நீரிழிவு கண்பார்வையை முக்கால்வாசி கொண்டுபோயிருந்தது. கார்ட்டியர்வில் வீட்டில் பகல் முழுக்கத் தனியே இருப்பாள். ஸ்டூல் காலியாகிறது என்று கேட்டதும் அவளுக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது.

"இனி நீங்கள்தானே மூப்பு!"

பழைய பருத்திச் சேலையொன்றை மடித்து, விரலால் தடவித் தடவி, அந்த ஸ்டூலுக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள். தங்கராசா அதைக் கொண்டுபோய்ச் செலீனிடம் ஸ்டூலைக் கேட்டார்.

செலீன் அன்பாகச் சிரித்தாள். "இல்லை ராஜா! நீ எங்கள் குழந்தை. மொரிசுக்கு அறுபத்தொன்று."

ஹெயிட்டிக்காரர் மொரிஸ் சங்கடத்தோடு ஸ்டூலில் இருந்தார். மெத்தை தங்கராசாவின் லொக்கருக்குள் போனது.

"மெத்தை சுகமா இருக்கோ?" அன்று பின்னேரம் செல்வமலர் கேட்டாள்.

"இருந்தால் நித்திரைதான் வருது."

"நித்திரை கொள்ளாதையுங்கோ. வேலையாலை நிப்பாட்டிப்போடுவினம்."

"நிப்பாட்டினால் உன்னோடை இருப்பன்."

அவள் சிரித்துக்கொண்டே அவருடைய முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். தேய்த்த கை நின்றது. "இருந்து வேலை செய்யிற ஆளுக்கு ஏன் இப்பிடி வீங்குது?"

"இருக்கிறதாலைதானாம். டொக்டர் சொன்னவர்."

டொக்டர் சொன்னால் சரிதானே என்று மற்ற முழங்காலையும் இழுத்து வைத்துக்கொண்டாள்.

நகுலேஸ்வரனுக்குத்தான் இப்போது வேலையில்லையே. மத்தியானத்தில் போய் அண்ணிக்குச் சோறு போட்டுக் கொடுப்பார். மாசி மாதத்தில் ஒருநாள், சோற்றுக் கோப்பை மடியில் இருக்கச் செல்வமலர் சரிந்தாள். தம்பி களஞ்சியத்துக்கு ஃபோன் எடுத்தபோது தங்கராசா லொறிக்குள் நின்றார். ஆள் போய்க் கூப்பிட்டு, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, அவளை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

"கடைசியா ஏதும் கேட்டவவோ?"

நகுலேஸ்வரன் நிலத்தைப் பார்த்தார். "அண்ணை ஸ்டூலிலைதானே இருக்கிறார் எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டனான்."

செத்தவீடு முடிந்து வேலைக்குத் திரும்பிய காலை, செலீன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"மனதைத் தளரவிடாதே, ராஜா. நீ இன்னும் இளம் ஆள். எவ்வளவு வாழ்க்கை இருக்கிறது உனக்கு."

"மெர்சி" என்று நன்றி சொன்னார் தங்கராசா.

வெளியே லொறி பின்னுக்கு வருகிற சத்தம் கேட்டது. அவர் லொக்கரைத் திறந்து மெத்தையை எடுத்தார். ஜக்கெட்டுக்குள், வலது தோளின்மேல், அது வழுக்காதபடி செருகினார். கதவு திறந்தது. முதல் பெட்டியை அதன்மேல் ஏற்றினார்கள்.