இரண்டு புதுப் பந்துகள்

கிளப்பில் அவனுக்குப் பழசு என்றுதான் பேர். பந்து புதுசாக இருந்தால் யார் வேண்டுமானாலும் அவனை வெளுத்து வாங்கலாம். நாற்பது ஓவர் அடிபட்டு ஒரு பக்கம் சொரசொரவென்று ஆன பந்தைக் கொடுத்தால் கதை வேறு. நேராக வருவதுபோல் வந்து, கடைசி நொடியில் உள்ளே வளைந்து ஸ்டம்பைப் பெயர்க்கும்.

கூட்டம் குறைகிறதென்று செயலாளர் விதியை மாற்ற வைத்தார். இனி இரண்டு முனைக்கும் தனித்தனிப் புதுப் பந்து. ஐம்பது ஓவர் முடிந்தாலும் எந்தப் பந்தும் பாதிதான் தேய்ந்திருக்கும்.

"ஜனங்க சிக்ஸர் பாக்கத்தான் வர்றாங்க" என்றார்.

புது விதியின் முதல் ஆட்டத்திலேயே கடைசி ஓவர்களுக்குக் கேப்டன் பந்தைப் பழசிடம் நீட்டினான். கேப்டன் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி.

"மாப்ள, பந்து பளபளன்னு இருக்கு. எனக்கு வளையாது."

"தெரியும் மாமா. போடுங்க."

"தெரிஞ்சேவா குடுக்கற?"

"டீம்லேர்ந்து உங்களைத் தூக்கணும்னு செயலாளர் முடிவு பண்ணிட்டாரு. சும்மா தூக்கினா அக்கா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. நாலு பேர் பாக்க அடி வாங்கிட்டீங்கன்னா யாரும் வாயத் திறக்க முடியாதுல்ல?"

ஒரு பந்தாவது வளையாதா என்ற நப்பாசையில் ஓடினான். முதல் பந்தே கூரைக்கு மேல் பறந்தது. அடுத்ததும் அப்படியே. வாசலில் கொடுத்த சிக்ஸர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் மகள் துள்ளிக் குதித்தாள். மனைவி அவள் கையை இழுத்து இறக்கினாள். குழந்தை உதறிக்கொண்டு மறுபடி தூக்கியது.

அதன்பின் வலைப்பயிற்சியில் மட்டையாளர்களுக்குப் பந்து எறிந்து போடும் வேலை கொடுத்தார்கள். தினமும் காலையிலிருந்து இருட்டும்வரை தோள் கழலக் கழல எறிந்தான்.

ஒரு பருவம் கூட்டம் அலைமோதியது. பிறகு சலித்துவிட்டது. சிக்ஸர் பறக்கும்போதே எழுந்து டீ குடிக்கப் போனார்கள். "யாரு போட்டாலும் அடிக்கிறான், இதுல பாக்க என்ன இருக்கு?" என்று டிக்கெட் கிழிப்பவரே சொன்னார். காலி பெஞ்சுகளைப் பார்த்துச் செயலாளர் பாதி வழி திரும்பினார்: கடைசிப் பதினாறு ஓவருக்கு அந்த இரண்டில் ஒரு பந்து மட்டும்.

கேப்டன் வலைக்கு ஓடிவந்தான். "மாமா, இனிமே பந்து தேயும்! கடைசி ஓவர் உங்களுக்குத்தான். எங்க, ஒண்ணு போடுங்க பாப்போம்."

பழசு ஒரு தேய்ந்த பந்தைப் பொறுக்கினான். சொரசொரப்பைக் கட்டைவிரலால் தடவியபோது முகமே மலர்ந்துவிட்டது. ஓடிவந்தான். கை காதுக்கு மேல் எழவில்லை. பந்து இரண்டு தரம் குதித்துப் பாதியிலேயே நின்றது. இன்னொரு தரம் ஓடினான். தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எப்போலேர்ந்து மாமா இப்படி?"

"நீ சிக்ஸர் அடிச்சுப் பழகினியே, அப்போலேர்ந்து."

கேப்டன் பந்தைப் பொறுக்கிவந்து அவன் பக்கத்தில் வைத்தான்.

"நல்லவேளை, செயலாளர்கிட்ட இன்னும் உங்க பேரச் சொல்லல" என்றான். பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டம்புக்கு முன்னால் போய் நின்றான். "சரி, எந்திரிங்க. நாலு பந்து எறிஞ்சு விடுங்க."

பழசு எழுந்து, இடது கையால் பந்தை எடுத்தான்.