கதவு திறக்கும்வரை செல்லும்

ஸ்டூல் மேல் நுனிக்காலில் நின்றுகொண்டு அலமாரியின் உச்சியைக் கையால் துழாவினாள் மகள். பழைய லிஃப்ட் பொத்தான்கள் நிறைந்த டப்பா ஒன்று அகப்பட்டது. உயிர்போன டார்ச் ஒன்று அகப்பட்டது. போன மழைக்காலத்திலிருந்து அம்மா தேடிக்கொண்டிருந்த பூட்டுச் சாவி அகப்பட்டது. துணி மட்டும் அகப்படவில்லை.

கூடத்தில் அப்பா கட்டிலில் படுத்திருந்தார். சற்று நேரத்தில் வண்டி வந்துவிடும். அதற்கு முன்னால் அப்பாவின் நாணயச் சங்கத் தலைவர் வந்துவிடுவார். அவர் வருவதற்குள் உள்ளங்கை அகலத் துணி ஒன்றைக் கண்டெடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாக வேண்டும். அப்பா அவளிடம் கேட்டுக்கொண்ட காரியம் அது ஒன்றுதான்.

"உண்டியல், விழுந்து வைக்காதேடி. வீட்டுக்கு ஒரு சாவு போதும்," என்றாள் அறை வாசலில் வந்து நின்ற அம்மா. அவள் கையில் நேற்றைய செய்தித்தாள் இருந்தது.

"அதை இன்னுமா படிக்கிற?"

"பின்ன? 'இந்தா, இவன் பண்ணின கூத்தக் கேளு'ன்னாரு. நான் அடுப்ப அணைச்சிட்டு வரேன்னேன். வந்து பாத்தா ஆளு போயாச்சு. எவன், என்ன கூத்துன்னு சொல்லாமலே போயிட்டாரு. முழுப் பேப்பரையும் படிச்சுத்தானே கண்டுபிடிக்கணும்?"

மனிதர் வாய் நிறையச் சிரிப்போடு போயிருந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. துடைத்து, சவரம் செய்து, சட்டை மாற்றிய பிறகும் அந்தச் சிரிப்பு உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் பாதி சிரித்துவிட்டு, சட்டென்று நினைவு வந்து முகத்தைத் தொங்கப்போட்டார்கள்.

உண்டியல் என்பது அப்பா வைத்த பெயர். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் இளவயதில் பழைய நாணயங்கள் சேர்த்தார். அவற்றில் ஆக அரிதான ஒன்றைத் தவழும் வயதில் மகள் விழுங்கிவிட்டாள். கவலைப்படாதீர்கள், வந்துவிடும் என்றார் டாக்டர். வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அப்பாவுக்கு நாணயங்கள்மேல் பழைய மரியாதை வரவில்லை. குழந்தை விழுங்க முடியாத பணம் எது என்று ஊரெல்லாம் விசாரித்து, கடைசியில் துணிப் பணத்தில் வந்து நின்றார்.

துணிப் பணம் கதையல்ல. யுத்தம் வந்து, காகிதமும் தீர்ந்துபோன ஊர்களில், கிடைத்த துணியைக் கத்தரித்து அச்சடித்து அவசரத்துக்குப் பணம் என்று கொடுத்திருக்கிறார்கள். அப்பாவின் ஆல்பங்களில் சாக்குத் துணிப் பணம் உண்டு, பட்டுத் துணிப் பணம் உண்டு, தலையணை உறையில் அச்சடித்த பணம்கூட ஒன்று உண்டு. "துவைச்சு உலர்த்தினா மறுபடியும் புதுப் பணம். எந்த ரிசர்வ் பேங்கால முடியும்?" என்பார். அம்மாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "செல்லாக்காசு, செல்லாக்காசச் சேக்குது," என்று எல்லோரிடமும் சொல்லுவாள்.

ஆல்பத்தில் ஏறாத பணம் ஒன்றும் இருந்தது. அதைத்தான் மகள் தேடினாள்.

முற்றுகையில் மாட்டிக்கொண்ட ஏதோ ஒரு கோட்டை ஊர். துணியும் தீர்ந்துபோய், கடைசியில் நகர மன்றத்தின் ஜன்னல் திரைகளையே கழற்றிப் பணமாக்கினார்களாம். திரை போனபின் உறுப்பினர்கள் தூங்குவது தெருவுக்குத் தெரிந்துபோனதால் பாதிப் பேர் ராஜினாமா செய்தார்கள் என்று அப்பா சேர்த்துச் சொல்லுவார். வெளிறிய நீலம், நெடுக ஒரு வெள்ளைக் கோடு. மூலையில், திரைக்கம்பியின் வளையம் கோப்பதற்காக ஓரம் தைத்த சின்ன ஓட்டை. அச்சடித்திருந்த வாசகத்தை அப்பா எங்கெங்கோ அலைந்து மொழிபெயர்த்து வைத்திருந்தார்: "இத்துணி ஐந்து பெறும். கோட்டைக் கதவு திறக்கும்வரை செல்லும்." கதவு திறந்த அன்றே பணம் மறுபடியும் துணியாகிவிட்டது. மக்கள் அதில் மூக்குச் சிந்தினார்கள். ஆகவே மிச்சம் எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று தலைவரிடம் இருந்தது.

தலைவர் தொழிலால் தரை ஓடு வியாபாரி, பதவியால் நாணயச் சேகரிப்போர் சங்கத்தின் ஆயுட்காலத் தலைவர். சங்கம் அவர் கடையின் மாடியில்தான் கூடும். "நம்ம சங்கம் மொத்தமும் ஒரே லிஃப்ட்ல ஏறிடும். தலைவர் பதவியத்தான் தனியா படியில தூக்கிட்டு வரணும்," என்பார் அப்பா. தலைவரின் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே 'ஒன்றே ஒன்று' என்று பொன்னெழுத்தில் இருக்கும். ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் கண்ணாடிச் சட்டமிட்ட அந்தத் துணியைத் தூக்கிப் பிடித்து, "உலகத்தில் ஒன்றே ஒன்று" என்பார். அரங்கிலேயே பலமாகக் கைதட்டுபவர் அப்பாவாக இருப்பார்.

ஏனென்றால் இரண்டாவது அவரிடம் இருந்தது. லிஃப்ட் பட்டறைக்கு கிரீஸ் துடைக்க வந்த கழிவுத்துணி மூட்டையிலிருந்து ஒன்றை இழுத்துக் கையைத் துடைக்கப் போனவர், ஓட்டையைப் பார்த்து நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆண்டும் போய்க் கைதட்டிவிட்டு வந்து, வீட்டில் தனியாகச் சிரித்துக்கொள்வார். அம்மாவிடமும் சொல்லவில்லை. அம்மாவும் தலைவரின் மனைவியும் ஒரே கடையில் காய்கறி வாங்குபவர்கள். மகளுக்கு மட்டும் ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

சென்ற மாதம் அப்பாவுக்கு உடம்பு படுத்தியபோது தலைவர் பழத்தோடும் சங்கச் செயலாளரோடும் பார்க்க வந்தார். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து தன் சேகரிப்பின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போய், "ஒன்றே ஒன்று" என்று முடித்தார்.

"ரெண்டு," என்றார் அப்பா.

தலைவரின் முகம் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி ஆயிற்று. அதன் பிறகு வாரம் தவறாமல் வந்தார். அது சங்கத்தின் பாதுகாப்பில் இருப்பதே நல்லது என்றார். வரலாறு என்றார்.

"அவர் கைக்குப் போனா அன்னிக்கே கொளுத்திடுவாரு. மறுபடியும் ஒண்ணே ஒண்ணாயிடும்," என்றார் அப்பா மகளிடம். "போகக் கூடாது. அவருக்கு இனிமே தூக்கம் வரக் கூடாது, உண்டியல்."

"எங்க வச்சிருக்கீங்க?"

"துணி இருக்க வேண்டிய இடத்துலதான்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மேற்கொண்டு கேட்பதற்கு நாள் இருக்கிறது என்று இருவருமே நினைத்தார்கள்.

வாசலில் கார் நின்றது.

முதலில் மலர்வளையம் வந்தது, அதன் பின்னால் செயலாளர் வந்தார், வளையத்தின் ஓட்டை வழியாகத் தலைவர் தெரிந்தார். வளையத்தின் குறுக்கே ஓடிய பட்டையில் 'ஆழ்ந்த இரங்கல்' சின்ன எழுத்தில் இருந்தது. தலைவரின் பெயர், பட்டங்கள், கடை முகவரி எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. அதைப் படித்த பக்கத்து வீட்டம்மா, "ஐயோ, இவரும் போயிட்டாரா?" என்று மகளிடம் கேட்டாள்.

"இல்ல, அந்தா நிக்கிறாரே."

"ஓ," என்றாள் அந்தம்மா. கொஞ்சம் ஏமாற்றம் மாதிரித்தான் இருந்தது.

தலைவர் கட்டிலருகே நின்று தொண்டையைச் செருமினார். மைக் இல்லாத இடத்திலும் மைக்குக்கு விடவேண்டிய இடைவெளியை விட்டு நின்று பேசுவது அவர் வழக்கம்.

"ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒன்றாகவே கண்ட மாமனிதர் இவர்," என்று தொடங்கினார்.

"லிஃப்ட் மெக்கானிக் வேற எதக் காணுவாரு?" என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, பக்கத்தில் யாரும் இல்லாதபோதும்.

"நான் அவரை முதன்முதலாகச் சந்தித்தபோது எனக்கு இளமை. என் முதல் கடையை அப்போதுதான் திறந்திருந்தேன்..."

பேச்சு கடையைச் சுற்றி வந்து, கடையின் இரண்டாவது கிளைக்குப் போய், தலைவர் வாங்கிய விருதுகளில் இளைப்பாறியது. இறந்தவர் எப்போதாவது ஒரு வேற்றுமை உருபு ஏற்று வந்துபோனார். செயலாளர் நாலு பக்கமும் நடந்து செல்போனில் படம் எடுத்தார். தலைவரின் முகத்தில் நிழல் விழுகிறதென்று ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டார். வெயில் நேராகக் கட்டில்மேல் வந்து விழுந்தது.

மகள் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டையைப் பார்த்தாள். அவருக்குப் பிடித்த நீலச் சட்டை. வலது முழங்கை கிழிந்துபோயிருந்ததை அம்மா காலையில் ஒட்டுப்போட்டிருந்தாள். கிழிந்த சட்டையோடு அனுப்பமாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்து தைத்தாள். ஒட்டும் நீலம்தான். கொஞ்சம் வெளிறிய நீலம். நெடுக ஒரு வெள்ளைக் கோடு.

அதன் மூலையில், ஓரம் தைத்த சின்ன ஓட்டை. ஓட்டையின் வழியே அப்பாவின் தோல் தெரிந்தது.

மகள் மெதுவாக அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா. ஒட்டுப்போட துணி எங்கேந்து எடுத்த?"

"என் ஒட்டுத்துணி மூட்டையிலதான். ஏன், கலர் சேரலையா?"

"அதுல ஏதாவது அச்சடிச்சிருந்துதா?"

"ஆமா, ஏதோ மாவு மூட்டைத் துணி போல. எழுத்து வெளிய தெரிஞ்சா அசிங்கமா இருக்குமேன்னு உள்பக்கமா வச்சுத் தச்சேன்."

மகள் அவள் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னாள். கழிவுத்துணி மூட்டை, 'ரெண்டு', கோட்டைக் கதவு, எல்லாவற்றையும் சொன்னாள். தலைவரின் மூன்றாவது விருது முடிவதற்குள் சொல்லி முடித்தாள்.

அம்மா அப்பாவின் முழங்கையைப் பார்த்தாள். அதற்கு ஒரு முழம் தள்ளி நின்று, "அந்த மாபெரும் பொக்கிஷம் இன்று எங்கே இருக்கிறதோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த தலைவரைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கத் தொடங்கியது. மகளும் தலையை அவள் தோளில் கவிழ்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் குலுங்கினார்கள்.

"அழட்டும், விடுங்க. காலையிலேந்து அடக்கி வச்சிருந்தாங்க," என்றாள் பக்கத்து வீட்டம்மா. தன் பேச்சு அந்த அளவுக்குத் தைத்துவிட்டதே என்று தலைவருக்கு ஒரே நெகிழ்ச்சி. இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

மூச்சு வந்ததும் மகள் கேட்டாள். "தையல் பெட்டியில சின்னக் கத்தரிக்கோல் இருக்கா?"

"இருக்கு. பிரிச்சிடட்டுமா?"

ஒரு நிமிஷ வேலை. பிரித்துப் பைக்குள் போட்டுக்கொண்டால் அப்பா கேட்ட காரியம் முடிந்தது. பிறகு ஆயுள் முழுக்க அதை ஒளித்து வைத்துக் காக்க வேண்டும். மகள் ஓட்டையைப் பார்த்தாள். அப்பாவின் உதட்டோரத்தைப் பார்த்தாள்.

"கிழிஞ்ச சட்டையோட அனுப்ப மாட்டேன்னு நீதானே சொன்ன," என்றாள்.

அம்மா மறுபடியும் முழங்கையைப் பார்த்தாள். "நல்ல கெட்டித் துணிடி," என்றாள் பிறகு. "இத்தன வருஷத்துல ஒரு செலவுக்கு ஆனது இது ஒண்ணுதான்."

வண்டி வந்தது. தூக்குவதற்கு ஆட்கள் குனிந்தபோது தலைவர் மகளை ஓரமாக அழைத்தார். மைக் குரல் போய்ச் சொந்தக் குரல் வந்திருந்தது.

"அம்மாடி, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். அது கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார்."

"எங்க இருக்கு?"

"அப்பா கையிலதான் இருக்கு."

தலைவர் திரும்பி அப்பாவின் கைகளைப் பார்த்தார். விரல்கள் விரிந்து காலியாக இருந்தன. தத்துவமாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். தத்துவத்துக்குத் தலையாட்டுவது அவருக்குப் பழக்கம். ஆட்டினார். ஆனால் கண் மட்டும் அலமாரிப் பக்கம் போய்ப் போய் வந்தது. இன்றைக்குத் தூங்கமாட்டார். நாளைக்கும் தூங்கமாட்டார். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் சட்டத்தைத் தூக்கிப் பிடித்துவிட்டு, வாக்கியத்தை எப்படி முடிப்பதென்று தெரியாமல் நிற்பார். மகள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவதென்று முடிவு செய்தாள்.

வண்டியில் அப்பாவுக்கு ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் மகளும் உட்கார்ந்தார்கள். சித்தப்பா முன்னால் ஓட்டுநரோடு ஏறிக்கொண்டார். கடைத்தெரு தாண்டியதும் அம்மா இடுப்பிலிருந்து செய்தித்தாளை எடுத்து மடித்த பக்கத்தைக் காட்டினாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்டி. அஞ்சாம் பக்கம், கீழ. புதுக் கட்டடத்து லிஃப்ட ஒரு மந்திரி திறந்து வச்சாராம். ஏறினவரு உள்ளயே மாட்டிக்கிட்டாராம். வெளிய வர வரைக்கும் உள்ள இருந்தவங்களுக்கு லிஃப்ட்டோட பெருமையப் பேசினாராம்."

"இதேதான்."

"இதேதான். இதுக்கு எப்படிச் சிரிச்சிருப்பாரு."

அவர் சிரிக்க வேண்டியதை அவர்கள் சிரித்து முடித்தார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

மயானத்தின் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. ஓட்டுநர் மெல்ல ஹாரன் அடித்தார். காவலாளி பெரிய சாவிக்கொத்தோடு வந்து, ஒரு சாவியைப் பூட்டில் விட்டுப் பார்த்தார். சேரவில்லை. வண்டியைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குங்கம்மா. ஒரு நிமிஷம்."

மகள் ஒட்டுத் துணியின்மேல் கையை வைத்திருந்தாள். அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"நிதானமாப் பாருங்க," என்றாள். "ஒண்ணும் அவசரமில்ல."

அவர் அடுத்த சாவியை எடுத்தார். அதுவும் சேரவில்லை.