படம் மங்கலா, கண் மங்கலா

டிவியில் அத்தானின் முகம் வந்ததும் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பின்னால் புல்லாங்குழல் ஓட, முகம் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. பெரிதாக ஆக ஆக மூக்கு கரைந்தது, மீசை கரி பூசியது போலானது, கண் இருந்த இடத்தில் இரண்டு குழிதான் மிச்சம். அடுத்த படமும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு துடைப்பதை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போதும், நிறுத்துங்க. கண்ணு போயிடுச்சு, அவ்வளவுதான்."

அக்காவுக்கு நடுப்பார்வை தேய்ந்துகொண்டு வருகிற வியாதி. நேரே பார்த்தால் புகை, ஓரத்தில் கொஞ்சம் தெரியும். ஆள் முகம் பார்க்க வேண்டுமென்றால் கோழி மாதிரித் தலையைச் சாய்த்துக்கொள்வாள். கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். போன பார்வையை ஊசி கொண்டுவராது, இருப்பதைப் பிடித்து வைக்கும், விட்டால் அதுவும் போகும் என்று டாக்டர் எங்களிடம் தெளிவாகவே சொல்லியிருந்தார். அத்தான் செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. ஆல்பத்தில் இருக்கிற படங்கள் உள்ளங்கை அளவுதான். அவற்றில் முகம் தெரியவில்லை என்று அவள் ஒரு நாள் சொல்லப் போக, பெரிய டிவியில் போட்டுக் காட்டலாம் என்று என் மகள் கிளம்பினாள். மாப்பிள்ளைக்குத் தொழிலே அதுதான். முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கடைக்காரர்களுக்கு விளம்பர வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுக்கிறார். ஒரு துண்டையே பகல் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டுவார். அதை வேலை என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

"அத்தை, எங்களுக்கும் அப்படித்தான் தெரியுது. படம்தான் மங்கல்," என்றாள் மகள்.

"காதுல பூ சுத்தாதே. ஊசி போட்ட அன்னிக்கும் எல்லாரும் சேர்ந்து நல்லாருக்கு, நல்லாருக்குன்னுதானே சொன்னீங்க." பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், என் காதுப் பக்கம் பார்த்தாள். "நீ சொல்லுடா."

"படம்தான் மங்கல்."

"உனக்கும் சொல்லிக் குடுத்துட்டாங்களா? சரி."

வியாழக்கிழமை ஊசிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். செத்த மாட்டுக்கு எதற்கு வைத்தியம் என்றாள். அன்று ராத்திரி தட்டைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அதுவரை தானே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டிருந்தவள்.

நான் மாப்பிள்ளையை முன்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"என்ன மாப்பிள்ளை, ஊருக்கெல்லாம் படம் பண்ணிக் குடுக்குறீங்க. வீட்டுல இருக்குற கிழவிக்கு ஒரு மூஞ்சியக் காட்ட முடியலையா?"

"ஆல்பத்தைக் கேட்டேன் மாமா. குடுத்தீங்களா?"

கொடுக்கவில்லைதான். நான் கோடவுன் வாசலில் காவல் இருந்தவன். உள்ளே போகிற மூட்டையானாலும் வெளியே வருகிற பையானாலும் திறந்து பார்க்காமல் விட்டதில்லை. கையை விட்டுப் போன பொருள் போனபடியே திரும்பி வந்து நான் கண்டதும் இல்லை. அதனால் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் போனில் நானே படம் படமாகப் பிடித்து அவருக்கு மெசேஜில் அனுப்பினேன். அனுப்புகிற வழியிலேயே போன் படத்தைச் சுருக்கிவிடுமாம். உள்ளே போவது முழுசு, வெளியே வருவது பாதி. கோடவுனில் இப்படி நடந்தால் ஆளைப் பிடித்து உட்கார வைத்திருப்பேன்.

மீதி அவர் வேலை. அந்தச் சுருங்கின படத்தைத் திரை முழுக்க இழுத்து விரித்திருக்கிறார். அது போதாதென்று முகத்தை நோக்கி நகர்ந்துகொண்டே போகிற ஜூம் வேறு. கடைக்காரர்களுக்குச் செய்து செய்து கை தானாக அப்படிப் போய்விட்டது.

"அசையாம நின்னா யாரும் பார்க்க மாட்டாங்க மாமா. போன்ல விரலால தள்ளிட்டுப் போயிடுவாங்க."

"இவ எங்க தள்ளிட்டுப் போவா? இவ பார்க்கறதுக்குன்னே உக்காந்திருக்கா. படம் சும்மா நிக்கட்டும்."

மறுநாள் மாப்பிள்ளை தெரிந்தவரிடம் கேட்டு ஒரு ஸ்கேனர் வாங்கி வந்தார். ஆல்பத்தை நானே தூக்கி வந்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"நீங்க போய்ப் படுங்க மாமா. நான் பத்திரமா பார்த்துக்கறேன்."

"பரவால்ல. எனக்கு உக்காந்தே பழக்கம்."

கண்ணாடிக்குக் கீழே ஒரு வெளிச்சம் நத்தை மாதிரி ஊர்ந்தது. வேகமாக ஓட்டினால் படத்தில் சத்து இறங்காது என்றார். ஏறின படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தபோது அத்தானின் நகத்து அழுக்குவரை தெரிந்தது. திரையைவிடப் படம் பெரிதாக இருக்க வேண்டும், பெரிதைக் குறைத்து உட்கார வைக்கலாம், சின்னதை ஏற்றி இழுக்கக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம் என்றார். சின்னப் போர்வையைப் பெரிய கட்டிலுக்கு இழுத்தால் நூல் நூலாகத்தானே வரும், இதைச் சொல்ல ஒரு படிப்பா என்று கேட்டேன். சிரித்தார். கிழிந்து துண்டாக இருந்த ஒரு படத்தை மட்டும் பெரிதாக்காமல், சுற்றிக் கறுப்பு விட்டு நடுவில் அதன் அளவிலேயே வைத்தார். ஜூமை எடுத்தார், புல்லாங்குழலையும் எடுத்தார். கடைசியில் வீடியோவாக மாற்றும்போதும் அந்தச் சாஃப்ட்வேர் படத்தை நசுக்கப் பார்க்குமாம். நசுக்காதே என்று அதற்கும் ஒரு இடத்தில் சொல்லிவைத்தார். எல்லாம் முடிந்து டிவியில் போட்டதும் மூக்கு இடிக்க நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அக்காவைக் கூப்பிட்டோம்.

"கேக்கத்தானே போறேன். இங்கயே கேக்கும், போங்க."

"பாட்டை எடுத்தாச்சு. இங்க இருந்தா ஒண்ணும் கேக்காது, வா," என்றேன்.

முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். முதல் படம் வந்தது. "இது கல்யாணத்தன்னிக்கு எடுத்தது," என்றாள். அடுத்தது. "இது அவர் சைக்கிள் வாங்கினப்போ." அடுத்தது. "இது மாடியில. நான் தைச்ச சட்டை." மகளுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "பாத்தீங்களா அத்தை, நல்லா தெரியுதா?" என்றாள். "தெரியுது, தெரியுது," என்றாள் அக்கா.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆல்பத்தில் எப்படியோ அதே வரிசையில்தான் படங்கள் வந்தன. அந்த வரிசை அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். போதாததற்கு, படம் மாறி வெளிச்சம் முகத்தில் பட்டதுமே சொல்லிவிடுகிறாள், தலையைச் சாய்க்கவே இல்லை. நாங்கள் பட்ட பாட்டுக்காகச் சொல்கிறாள். கேட்பதற்கு முன்னாலேயே பையைத் திறந்து காட்டுகிற ஆளைத்தான் நான் வாசலில் ரெண்டாவது தடவை நிறுத்துவேன்.

"மாப்பிள்ளை, அவ பார்க்காத படம் ஏதாச்சும் போடுங்க," என்று அவர் காதில் சொன்னேன்.

"இப்ப எதுக்கு மாமா? சந்தோஷமா இருக்காங்க."

"போடுங்கன்னா போடுங்க."

அவர் போனைத் தள்ளித் தள்ளித் தேடினார். டிவி ஒரு கணம் இருண்டு, ஒரு படம் வந்து நின்றது. ஸ்டூலில் ஒரு கிழவன். ஆல்பத்தைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்க, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறான். எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. கன்னத்து நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

அக்கா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். தலை இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு வலப்பக்கம். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, டிவியைத் தொடுகிற தூரம்வரை போனாள்.

"யாருடி இந்தக் கிழவன், வாயைப் பொளந்துக்கிட்டு?"

மகள் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அக்கா சின்ன வயசிலேயே சிரிக்காமல்தான் கிண்டல் செய்வாள். நிஜமாகவே தெரியாமல் கேட்டாலும் குரல் இப்படித்தான் இருக்கும். நான் பேசவில்லை. பேசினால் குரலை வைத்துப் பிடித்துக்கொள்வாள்.

அவள் ஒரு விரலைத் திரையில் வைத்தாள். துணியில் சாக்குக்கட்டியால் கோடு போடுவது போல, விரல் கிழவனின் நெற்றியிலிருந்து மூக்கு வழியாக இறங்கி, உதட்டின் விளிம்பை ஒட்டிச் சுற்றி வந்து, பல் இல்லாத இடத்தில் நின்றது. அங்கே நகத்தால் ரெண்டு தட்டுத் தட்டினாள்.