தக்காளிக் கலர்

பேக்கரிக்காரர் தன் மகனைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தது, பாலர் பள்ளி டீச்சர் "கவலைப்பட ஒண்ணுமே இல்லைங்க" என்று சொன்ன நிமிடத்திலிருந்துதான்.

அதுவரை மனிதர் நிம்மதியாகத்தான் இருந்தார். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டப் போவார். மதியம் தலையெல்லாம் மாவோடு வீடு திரும்புவார். மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றினால் அலுப்பு தீர்ந்துவிடும். பையனுக்கு நாலரை வயது. கன்னத்தைப் பார்த்து உருளை என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. அந்த வயதுக்கு அவன் கை அப்படி ஒரு கை. சட்டையை அவனே போட்டு, பட்டனை மேல் கீழ் மாறாமல் மாட்டிக்கொள்வான். ஆரஞ்சுப் பழத்தைத் தோல் அறுபடாமல் ஒரே சுருளாக உரிப்பான். அவன் கைக்குத் திறக்காத டப்பா அந்த வீட்டில் இல்லை.

"ஆனா கலர் தெரியலைங்க," என்றார் டீச்சர். "எதைக் காட்டினாலும் நீலம்ங்கறான். எண்ணச் சொன்னா, மூணு வரைக்கும் ஒழுங்கா வந்துட்டு அங்கேருந்து ஒன்பதுக்குத் தாவிடறான். பேரோட முதல் எழுத்தைக் காட்டினேன். 'இது கொக்கி மிஸ், சட்டை மாட்டலாம்'ங்கறான். மத்த பிள்ளைங்கல்லாம்..." என்று இழுத்தவர், சட்டென்று சிரித்துக்கொண்டு அந்தக் 'கவலைப்பட ஒண்ணுமே இல்லை'யைச் சொன்னார்.

கண் டாக்டரிடம் காட்டியாயிற்று. பார்வையில் ஒரு குறையும் இல்லை. பெயர்கள்தான் மண்டையில் நிற்க மாட்டேன் என்கின்றன. பேக்கரிக்காரரும் விடுவதாக இல்லை. ஒரு நாள் சமையலறையில் உட்கார்ந்து, தக்காளியைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன கலர், சொல்லு?"

"தக்காளிக் கலர்."

"சரி, எலுமிச்சம்பழம்?"

"புளிப்புக் கலர்," என்று உதட்டைச் சுழித்தான்.

நகரப் பேருந்து ஓட்டும் அவர் மனைவி அடுப்பங்கரையில் நின்றபடி விழுந்து விழுந்து சிரித்தாள். "சிரிக்காதடி. நாளைக்கு நடுரோட்டுல சிக்னலைப் பார்த்து எல்லாம் நீலம்னு நிப்பான்," என்றார் அவர்.

"அவன் இன்னும் லைசென்ஸ் வாங்கலை. விடுங்க."

அவர் விட்டிருப்பார். விட முடியாமல் செய்தது பக்கத்து வீடு. ஒரே சுவர்தான் நடுவில். அங்கே இருப்பவள் பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பில் வேலை பார்ப்பவள். கணவனுக்கு வெளியூர் வேலை. அவள் மகளுக்கும் நாலரை வயது, அதே பள்ளி, அதே வகுப்பு. அந்தக் குழந்தை நடந்துகொண்டே கடைப் பலகைகளைப் படிக்கும். மணி பார்க்கும். ஒரு வார்த்தை சொன்னால் "ஏன்?" என்று ஆரம்பித்து நம்மைக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் ஓயும். பேக்கரிக்காரர் அதற்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்திருந்தார். கூப்பிடும்போதெல்லாம் உள்ளுக்குள் கொஞ்சம் வயிறு எரியும்.

ஒரு நாள் பள்ளியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, பிள்ளைகளைப் பாதியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி வக்கீலம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கறீங்களா? இன்னிக்கு என்னால லீவு போட முடியலை."

"இதுக்கெல்லாம் கேக்கணுமாம்மா? ஒண்ணோட ரெண்டு. விட்டுட்டுப் போ."

அவள் போகாமல் தயங்கினாள். ஏதோ சொல்ல வந்து, மகளைப் பார்த்து, விழுங்கிவிட்டாள். "தண்ணி மட்டும் இந்த மூடி போட்ட டம்ளர்ல குடுங்கண்ணா," என்று ஒரு பையை நீட்டிவிட்டு ஓடினாள்.

பேக்கரிக்காரர் இரண்டு பேரையும் ஹாலில் உட்காரவைத்து, முன்னால் மரக்கட்டைகளைக் கொட்டினார். தலையில் மாவு அரித்தது. குளித்துவிட்டு வந்துவிடலாம் என்று போனார். அந்தக் குளியலறைக் கதவுக்கு ஒரு வியாதி உண்டு. உள்பக்கக் கைப்பிடி சும்மா சுற்றுமே தவிரப் பிடிக்காது. முழுதாகச் சாத்திவிட்டால் வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அதனால் யார் உள்ளே போனாலும், ஒரு பழைய ரப்பர் செருப்பை இடுக்கில் செருகிவிட்டுப் போவது வீட்டு வழக்கம். சரி பண்ண வேண்டும், பண்ண வேண்டும் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார்.

தலைக்கு சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு, 'டக்' என்ற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், கதவு வெகு ஒழுங்காகச் சாத்தியிருந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் தட்டினார்.

"யாரு கதவைச் சாத்தினது?"

"நான்தான் மாமா," என்றது வக்கீலம்மாவின் குரல், பாராட்டை எதிர்பார்த்து. "பாத்ரூம் போனா கதவைச் சாத்தணும். நீங்க மறந்துட்டீங்க. செருப்பு வேற வீட்டுக்குள்ள கிடந்துச்சு. வாசல்ல அடுக்கி வெச்சுட்டேன்."

"ரொம்ப நல்ல பொண்ணு. இப்ப கதவைத் திறம்மா."

"திறக்கக் கூடாது. உள்ள ஆள் இருக்கும்போது திறக்கறது தப்பு."

"உள்ள இருக்கற ஆள்தான் சொல்றேன்."

"அப்ப நீங்களே திறங்க."

வாதத்தில் ஓட்டை இல்லை. பேக்கரிக்காரர் கதவின் வியாதியை விளக்கினார். அவள் மூன்று 'ஏன்' கேட்டாள். தலையில் சோப்பு காய்ந்து இறுக ஆரம்பித்தபோதுதான் சம்மதித்தாள். கைப்பிடியைத் தொடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

"என்னாச்சும்மா?"

"எப்படித் திறக்கறது?"

"கைப்பிடியை அழுத்தித் தள்ளு."

"எங்க வீட்டுல அம்மாதான் திறப்பாங்க." குரலில் இருந்த வழக்கறிஞர் காணாமல் போயிருந்தார். "எனக்குக் கதவு வராது மாமா."

கதவு வராது! கணக்கு வராது, பாட்டு வராது என்பதுபோல. பேக்கரிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் குரல் நடுங்கியதால் அடக்கிக்கொண்டார்.

"பரவாயில்லைடா தங்கம். உருளையைக் கூப்பிடு. ஆமா, அவன் எங்க?"

"கிச்சன்ல."

"என்ன பண்றான்?"

"வேலை பண்றான்."

சத்தமே இல்லாமல் உருளை வேலை பண்ணுகிறான் என்றால் வீட்டில் ஏதோ ஒன்றின் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம். "டேய் உருளை!" என்று கத்தினார். தபதபவென்று காலடி வந்தது. நிலைமையைச் சொன்னதும், பையன் ஒரு கேள்வி கேட்கவில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, காலைத் தூக்கிக்கொண்டு, மொத்த உடம்பையும் அதில் தொங்கவிட்டான். 'மடக்' என்றது. கதவு திறக்கவில்லை. உருளை தரையில் உட்கார்ந்திருந்தான், கைப்பிடி அவன் மடியில் இருந்தது.

"அப்பா, வந்துருச்சு," என்றான்.

இனி கைப்பிடி கழன்ற சதுர ஓட்டையில் தடித்த ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருப்பினால்தான் உண்டு. சமையலறைத் தொட்டிக்குக் கீழே கருவிப் பெட்டி இருந்தது. உள்ளே மூன்று ஸ்க்ரூ டிரைவர்கள். தடித்தது சிவப்புக் கைப்பிடி.

"வக்கீலம்மா, சிவப்பு தெரியுமில்ல? போய்ப் பெட்டியிலிருந்து சிவப்பா இருக்கற ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டு வா."

போனாள். வந்தாள். கதவின் அடியிடுக்கில் ஒரு சிவப்புக் கிரேயான் உருண்டு வந்தது. அடுத்து ஒரு சிவப்பு நாடா. பெட்டிக்குள் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததாம். அதைத் தொட மாட்டாளாம். அதனால் தன் பையிலிருந்த சிவப்பையெல்லாம் கொண்டுவந்திருந்தாள். ஸ்க்ரூ டிரைவர் என்ற வார்த்தையை அவளால் எழுதவே முடியும். பொருளைப் பார்த்ததில்லை.

"உருளை, நீ போடா. சிவப்பு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். நெற்றியில் சோப்பு வழிந்தது. "தக்காளிக் கலர்டா. தக்காளிக் கலர்ல பிடி இருக்கற ஸ்க்ரூ டிரைவர்."

மூச்சு விடும் நேரத்தில் அது ஓட்டைக்குள் நுழைந்து நீட்டிக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரருக்குக் கதவு வழியாகவே மகனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. வலது, இடது அவனுக்குத் தெரியாது என்பது ஞாபகம் வர, அதற்கும் வழி கண்டுபிடித்தார்.

"சாப்பிடற கைப் பக்கமா திருப்பு!"

உருளை முக்கித் திருப்பினான். தாழ்ப்பாள் இன்னும் இறுகியது. இன்னும் பலமாக என்றார். இன்னும் இறுகியது. ஜன்னல் கம்பியை எப்படி அறுப்பது என்று அவர் யோசிக்க ஆரம்பித்தபோது, வெளியே வக்கீலம்மா தொண்டையைச் செருமினாள்.

"மாமா, உருளை இடது கையாலதான் ஸ்பூன் பிடிப்பான். கிளாஸ்ல நான் தினமும் அவன் பக்கத்துலதான் உட்கார்றேன். என் முழங்கையில இடிப்பான்."

பெற்ற அப்பனுக்கு அந்த அவசரத்தில் உறைக்கவில்லை. "அப்ப அவனை மறுபக்கம் திருப்பச் சொல்லும்மா," என்றார்.

"உருளை, ஹால் ஜன்னல் பக்கமா," என்றாள் அவள்.

கதவு திறந்தது. காய்ந்த சோப்பு முள்முள்ளாக நிற்க, துண்டோடு வெளியே வந்தவரைப் பார்த்து இரண்டும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தன. அப்போதுதான் அவர் மகனின் கையைப் பார்த்தார். முழங்கை வரை பளபளவென்று ஏதோ ஒழுகியிருந்தது.

"கிச்சன்ல என்னடா வேலை பண்ணினே?"

மேசையில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய முட்டை. அட்டையில் இருந்ததில் முக்கால்வாசியை உடைத்து ஊற்றியிருந்தான். ஓடுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி ஓரமாக நிறுத்தியிருந்தான். திட்ட வாயைத் திறந்த பேக்கரிக்காரர் பாத்திரத்துக்குள் குனிந்து பார்த்தார். ஒரு மஞ்சள் கருகூடச் சிதையவில்லை. ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட விழவில்லை. பேக்கரியில் புதிதாகச் சேரும் பெரிய ஆட்களே ஒரு மாதம் திணறும் வேலை.

"யாருடா சொல்லிக் குடுத்தா?"

"நீதான் பண்ணுவியே," என்றான் உருளை.

திட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. தலையை அலசிவிட்டு வந்து, மாவையும் சர்க்கரையையும் எடுத்துவைத்தார். இவ்வளவு முட்டைக்கும் கேக்தான் கதி. வக்கீலம்மா மேசையோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று ஒரு கேள்விகூட வரவில்லை.

"நீயும் உடைக்கறியா?" என்றார்.

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "ஒட்டும்."

"ஒட்டும்," என்று உருளை ஒத்துக்கொண்டான். "அப்புறம் கழுவலாம்." ஒரு முட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "மெதுவா ஒரு தட்டு. அப்புறம் கட்டை விரலை இங்க வெச்சு, கதவு மாதிரி திற."

முதல் முட்டை மேசையில் போயிற்று. இரண்டாவது அவள் கவுனில். பேக்கரிக்காரர் மாவைச் சலித்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது, ஓட்டோடும் துணுக்கோடும், பாத்திரத்தில் விழுந்தது. வக்கீலம்மா தன் ஒட்டும் விரல்களை விரித்துப் பார்த்தாள். அப்புறம் போட்டாளே ஒரு கத்தல்: "மாமா, எனக்கு முட்டை வருது!"

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா வாசலில் வந்து நின்றாள். நெற்றியில் மஞ்சள் கருவோடு ஸ்டூலில் நின்ற மகளைப் பார்த்ததும் கைப்பை நழுவியது. பேக்கரிக்காரர் பதறிப்போனார். "மன்னிச்சுக்கம்மா, கவுனை நான் அலசித் தர்றேன்..."

"இல்லைண்ணா, இல்லை." அவள் கண் கலங்கியிருந்தது, வாயோ சிரித்தது. "இவ மண்ணைத் தொட மாட்டா, மாவைத் தொட மாட்டா. இன்னும் நான்தான் ஊட்டறேன். போன வாரம் டீச்சர் கூப்பிட்டு, 'படிப்பெல்லாம் பிரமாதம், ஆனா தானா ஒரு டம்ளர் தண்ணி குடிக்கத் தெரியலை. மத்த பிள்ளைங்கல்லாம்...'னு இழுத்தாங்க. உங்க பையனைத்தான் உதாரணமா சொன்னாங்க. அவன் பட்டன் போடறதைப் பார்க்கறப்பல்லாம் எனக்குப் பொறாமையா இருக்கும்ணா."

பேக்கரிக்காரர் சலிக்கும் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "உனக்குமா? 'கவலைப்பட ஒண்ணுமே இல்லைங்க'ன்னு சொன்னாங்களா?"

"அப்படியேதான் சொன்னாங்க!"

பேருந்தை நிறுத்திவிட்டு மனைவி வந்தபோது கேக் வெந்து, வீடு முழுக்க மணந்துகொண்டிருந்தது. குளியலறைக் கதவில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துக் கேட்டாள். நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

கேக்கில் அங்கங்கே ஓட்டுத் துணுக்கு நறநறவென்றது. யாரும் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வழக்கம்போல ஒரு துண்டைப் பிட்டு மகளின் வாய்க்குக் கொண்டுபோனாள். வக்கீலம்மா அதை வாங்கவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கையாலும் எடுத்து, மூக்கிலும் கன்னத்திலும் அப்பிக்கொண்டு கடித்தாள். துடைத்துவிடத் தானாக நீண்டது அம்மாவின் கை. பாதி வழியில் அதை மடக்கி, கையிலிருந்த கேக் துண்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.