முட்டு மனை

தெரு நேராக வந்து முட்டும் மனையைத் தெருக்குத்து என்பார்கள். சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் வராது. 1985இல் இரும்புலியூரில் பயிர் நின்றுபோன ஒரு நிலத்துக்கு மனைப்பிரிவு வரைந்த எலியேசருக்கு இந்த நினைப்பே வரவில்லை. அவர் சபைக்காரர், சாஸ்திரம் பார்க்காதவர். ஏரிக்கரை வளைவுக்குள் எத்தனை மனை தேறும் என்பதிலேயே மூழ்கி, மூன்று தெருக்களைக் கொண்டுபோய் ஒரே மனையில் முட்ட வைத்துவிட்டார். ஒன்று முட்டினாலே கும்பிடு போட்டு ஓடுவார்கள், மூன்று என்றால் கேட்கவே வேண்டாம்.

மற்ற மனைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. நிலத்துக்காரர் முனிரத்தினம் பார்க்கிற இடத்தில் எல்லாம் எலியேசரின் மானத்தை வாங்கினார். ரோஷம் பொத்துக்கொண்டு வர, அந்த மனையை எலியேசரே வாங்கிப் போட்டார். அதன்பிறகு எட்டு வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வாடகை வீட்டின் இருட்டுச் சமையலறையில் இனி ஒருநாளும் சமைக்க முடியாது என்று மனைவி ஜெயசீலி சொன்ன பிறகுதான் வீட்டு வேலையைத் தொடங்கினார். பிளானில் பாதி அவள் கேட்டு வாங்கிய பெரிய சமையலறை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், இருவரும் கொத்தனாரோடு கயிறு பிடித்து முளை அடிக்கப் போனார்கள்.

மனையைக் கண்டதும் எலியேசர் நின்றுவிட்டார். மூன்று தெருவிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பக்கம் வலை கட்டி ஷட்டில் ஆடினார்கள். தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் கதை பேசினார்கள். ரயிலிலிருந்து இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகாமல் டிபன் பையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கீரைக்கார அஞ்சம்மாள் கீரைக்கட்டுகளைப் பரப்பியிருந்தாள். இதற்காக அவர் ஒரு கோடுகூட வரைந்ததில்லை. உடம்பு சிலிர்த்தது, ஆலயத்தில்கூட அவருக்கு அப்படிச் சிலிர்த்ததில்லை.

முளைகளைப் பார்த்த அஞ்சம்மாள் கீரையைக் கூடையில் அடுக்கத் தொடங்கினாள்.

“வூடு கட்டப் போறீங்களா சார்? கட்டுங்க, உங்க எடம். ஆனா எங்களுக்கு அட்ரஸே இதான். முட்டு மனைன்னாதான் போஸ்ட்மேனுக்கே தெரியுது.”

யாரோ வலையை அவிழ்த்தார்கள். ஒருவரும் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எலியேசரை வாட்டியது.

“என்னங்க, இப்படி வரும்னு தெரிஞ்சா வரைஞ்சீங்க?” என்றாள் ஜெயசீலி.

ஆமாம் என்று சொல்ல அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது.

“இல்ல ஜெயா. தப்பா வரைஞ்சது.”

“கிச்சன் எங்க வருது?”

அஞ்சம்மாளின் கூடையைக் காட்டினார். ஜெயசீலி அங்கே போய் நின்று மூன்று தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள். கொத்தனாரிடமிருந்து முளையை வாங்கினாள். அவிழ்த்துப் போட்ட வலையைத் தாண்டி, குடங்களைத் தாண்டி, மனையின் பாதிக்கும் பின்னால் போய் ஊன்றினாள்.

“முன்பக்கம் இப்படியே இருக்கட்டும். காம்பவுண்டும் வேணாம்.”

“உன் கிச்சன்ல ஒரு ஆள் நிக்கத்தான் இடம் இருக்கும்.”

“நின்னுக்கறேன். கீரைய இவங்களோட சேந்து வாசல்ல உக்காந்து ஆய்ஞ்சுக்கறேன்.”

எலியேசர் பிளானை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கப் போனார்.