மலைச்சரிவில் கேட்கப்படாதவர்கள்

கூட்டம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அரகாட்ஸ் மலைச்சரிவில் சூரிய மின் தகடுகள் போட ஐரோப்பிய ஒன்றியம் உதவப் போகிறது. அந்த மின்சாரத்தில் ஊர்ப் பள்ளிக்கூடம் குளிர்காலம் முழுக்கக் கதகதப்பாக இருக்கும். ஊர்த்தலைவர் வார்ட்கெஸ் பேசி முடித்ததும் கூடமே கைதட்டியது. அண்டை நாடுகளுக்குப் போகும் உதவி பசுமையாக இருக்க வேண்டும், யாரையும் ஒதுக்கவும் கூடாது என்பது ஒன்றியத்தின் புதிய விதி. இந்தத் திட்டம் அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சம்மதிக்க வேண்டியவள் ஒன்றியத்தின் அதிகாரி ஷுஷான். தலைநகர் எரெவானிலிருந்து அதற்காகத்தான் வந்திருந்தாள்.

கிளம்புமுன் சரிவைப் பார்க்கப் போனாள். அங்கே சில கூடாரங்கள் இருந்தன. யெசீதி என்ற சிறுபான்மை இனத்தார், கோடையில் ஆடு மேய்க்க வருவார்கள், பனி விழுந்ததும் இறங்கிப் போய்விடுவார்கள் என்றார் வார்ட்கெஸ். கூட்டத்துக்குச் சொன்னீர்களா என்று கேட்டாள். அவர்களுக்கு இந்த ஊரில் ஓட்டே கிடையாதே என்றார் அவர், வெகு சாதாரணமாக.

முதல் கூடாரத்தில் குலிசார் என்ற விதவை பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். தகடுகளையும் அவற்றைச் சுற்றி வரப்போகும் வேலியையும் பற்றி ஷுஷான் சொன்னதும் அடுப்பை அணைத்தாள்.

"தெனமும் காலைல சூரியனப் பாத்துத்தான் தாயி கும்பிடுறோம். அது மேல எங்களுக்கென்ன கோவம்? ஆனா மேல பாறை, கீழ கோதுமை. இதையும் வேலி போட்டுட்டா ஆட்ட எங்க ஓட்டுறது?" பால் பாத்திரத்தை இறக்கி வைத்து, "வேலிக்காரன் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்ல?" என்றாள்.

ஷுஷான் இறங்கி வந்து, சம்மதம் தர முடியாது என்றாள். வார்ட்கெஸ் கத்தவில்லை.

"இந்தக் குளிருக்கும் புள்ளைங்க கோட்டு மாட்டிக்கிட்டுத்தான் படிக்கும். அதயும் நீயே வந்து பாத்துட்டுப் போம்மா."

நாட்டில் கரண்டே இல்லாத தொண்ணூறுகளில் கையுறையோடு எழுதப் பழகியவள் ஷுஷான்.

அந்த ஆண்டு உதவி வேறு ஊருக்குப் போனது. மேலதிகாரி சில வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜனவரியில் ஷுஷான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வகுப்பில் பிள்ளைகள் மூச்சு விடுவது புகையாகத் தெரிந்தது. நிறுத்தி வைத்தது நீங்கள்தானா என்று ஆசிரியை கேட்டாள். ஆமாம் என்றாள். ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த கோடையில், புது ஆண்டின் உதவிக்கான கூட்டம் கூடாரங்களுக்கு நடுவே நடந்தது. வார்ட்கெஸ் வந்தார், தள்ளி உட்கார்ந்தார். சண்டை மாலை வரை இழுத்தது. வேலி ஆட்டுப்பாதையை மறிக்கும் என்று குலிசார் எழுந்து எழுந்து சொன்னாள். மேலே பாறைமேட்டில் வைத்தால் கம்பி நீளும், தகடு குறையும் என்று வார்ட்கெஸ் மறுத்தார். கடைசியில் தகடுகளைப் பாறைமேட்டுக்குக் கொண்டுபோக இருவருமே முணுமுணுத்தபடி ஒத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பாதி அறைகளுக்குத்தான் அந்த மின்சாரம் போதும்.

நவம்பரில் வார்ட்கெஸ் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சின்னப் புள்ளைங்க ரூம்ல ஹீட்டர் ஓடுது. பெரிய புள்ளைங்களுக்கு இன்னும் இல்ல," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மீதி அறைகளுக்கான மனுவை ஷுஷான் அன்றே எழுத உட்கார்ந்தாள்.